பதினெட்டா, ஒன்பதா? விலை உயர்ந்த புற்றுநோய் மருந்தை அரசு எப்படித் தரலாம்

மருந்துக் குப்பி உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். உள்ளே கொஞ்சம் வெள்ளைப் பொடி, அவ்வளவுதான். தெர்மாகோல் டப்பாவில் ஐஸ் பாக்கெட்டுகளுக்கு நடுவே வைத்து, மேலே செலோடேப் சுற்றித் தருவார்கள். பஸ்ஸில் அதைக் கீழே வைக்க மனசு வராது. மடியிலேயே வைத்துக்கொண்டு, எங்கே சூடாகிவிடுமோ என்று அடிக்கடி தொட்டுப் பார்த்தபடி போக வேண்டும். சித்திக்காக நான் அப்படிப் பல தடவை போயிருக்கிறேன்.

சித்திக்கு மார்பகப் புற்றுநோய். பயாப்ஸி ரிப்போர்ட்டில் 'ஹெர்2: 3 ப்ளஸ்' என்று இருந்தது. ஹெர்2 என்ற புரதம் கட்டியின் செல்களில் அளவுக்கு மீறி இருக்கிறது என்று அர்த்தம். நூறு மார்பகப் புற்றுநோய்களில் சுமார் 15 முதல் 20 இந்த வகை. முன்பெல்லாம் இது கெட்ட சேதி. வேகமாகப் பரவும் வகை. ட்ராஸ்டுசுமாப் என்ற மருந்து (ஹெர்செப்டின் என்பது அதன் முதல் பிராண்ட்) 1998-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பிறகு நிலைமை மாறியது. இப்போது '3 ப்ளஸ்' என்றால், 'இதற்கென்றே ஒரு மருந்து இருக்கிறது' என்று டாக்டர்கள் தைரியம் சொல்கிறார்கள். கூடவே விலையையும் சொல்கிறார்கள்.

கணக்கு இப்படி. 3 வாரத்துக்கு ஒரு டோஸ், ஒரு வருஷத்துக்கு 18 டோஸ். முதல் டோஸ் கிலோவுக்கு 8 மில்லிகிராம், அப்புறம் கிலோவுக்கு 6. சித்தி 60 கிலோ. முதல் தடவை 480 மி.கி., பிறகு ஒவ்வொரு தடவையும் 360. ஒரு குப்பியில் இருப்பது 440. ஆக, முதல் தடவைக்கு இரண்டு குப்பி, பிறகு தடவைக்கு ஒன்று என்றால் ஒவ்வொரு முறையும் 80 மீதி.

நாங்கள் முதலில் போன தனியார் மருத்துவமனையில் அந்த 80-ஐக் கொட்டிவிட்டு, அடுத்த முறை புதுக் குப்பி வாங்கிவரச் சொன்னார்கள். குப்பியோடு வரும், கிருமி வளராத தனி நீரில் கரைத்தால் ஃப்ரிட்ஜில் 28 நாள் வைக்கலாம் என்று பெட்டிக்குள் இருந்த தாளிலேயே போட்டிருந்தது. அடுத்த டோஸ் 21-வது நாள். "எங்க ரூல் இதுதான் சார்" என்றார் சிஸ்டர். வீட்டுக்கு வந்து காகிதத்தில் எழுதிப் பார்த்தேன். மீதியைப் பத்திரப்படுத்தினால் 18 டோஸுக்கு 16 குப்பி. கொட்டிக்கொண்டே போனால் 19. மூன்று குப்பி குப்பைத்தொட்டிக்கு.

இந்த மருந்தின் விலையைப் பற்றி நான் யோசிக்க ஆரம்பித்தது அந்தக் காகிதத்தில்தான். விலை என்றால் கம்பெனி போடும் விலை மட்டும் என்று அதுவரை நினைத்திருந்தேன். எத்தனை டோஸ், எப்படிக் கலக்கிறார்கள், யார் மொத்தமாக வாங்குகிறார்கள் என்பதெல்லாம் சேர்ந்ததுதான் விலை. ஓர் அரசு தன் மக்களுக்கு இப்படிப்பட்ட மருந்தைக் கொடுக்க நினைத்தால் அதன் முன்னால் இருக்கும் வழிகள் என்ன, எது நமக்குச் சரிப்படும் என்பதுதான் இந்தக் கட்டுரை. வசதியாக, இதே ட்ராஸ்டுசுமாப் விஷயத்தில் மூன்று நாடுகள் மூன்று விதமாக நடந்துகொண்டன. ஒரே மருந்து என்பதால் ஒப்பிடுவது சுலபம்.

இங்கிலாந்து: முதலில் நீதிமன்றம், பிறகு தனி நிதி

இங்கிலாந்தில் எந்த மருந்துக்கு அரசு காசு கொடுக்கலாம் என்று சொல்ல 1999 முதல் நைஸ் என்றொரு அமைப்பு இருக்கிறது. அதன் அளவுகோல் வெளிப்படையானது. ஒரு மருந்தால் நல்ல ஆரோக்கியத்தோடு கூடிய ஓர் ஆண்டு ஆயுள் கூடுதலாகக் கிடைக்கிறது என்றால், அதற்கு 20,000 முதல் 30,000 பவுண்டு வரை கொடுக்கலாம். பல வருஷங்களாக இதுதான் அவர்களுடைய கோடாக இருந்தது. உயிருக்கு விலை வைப்பதா என்று கேட்கலாம். எல்லா அரசும் வைக்கத்தான் செய்கிறது. அவர்கள் தொகையை எழுதி வெளியே ஒட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆரம்ப நிலை மார்பகப் புற்றுநோய்க்கும் ஹெர்செப்டின் நன்றாக வேலை செய்கிறது என்ற ஆய்வு முடிவுகள் 2005-ல் வந்தன. அந்த நிலைக்கு மருந்துக்கு உரிமம் வரவில்லை, நைஸும் இன்னும் முடிவு சொல்லவில்லை. வருஷத்துக்குச் சுமார் 20,000 பவுண்டு. ஸ்விண்டன் ஊரைச் சேர்ந்த ஆன் மேரி ராஜர்ஸ் தன் பகுதி சுகாதார அமைப்பிடம் கேட்டார். விதிவிலக்கான சூழ்நிலை இருந்தால்தான் தருவோம் என்று மறுத்தார்கள். 2006 பிப்ரவரியில் உயர் நீதிமன்றத்தில் தோற்றார், ஏப்ரலில் மேல்முறையீட்டில் ஜெயித்தார். நீதிபதிகள் 'எல்லோருக்கும் கொடு' என்று சொல்லிவிடவில்லை. 'பணம் பிரச்சினை இல்லை என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியானால் ஒரே நோயுள்ள இரண்டு பெண்களில் ஒருவருக்குக் கொடுத்து இன்னொருவருக்கு மறுக்க என்ன நியாயம்?' என்பதுதான் கேள்வி. பணம் இல்லை என்று நேர்மையாகச் சொல்லியிருந்தால் தீர்ப்பு வேறு மாதிரி வந்திருக்கவும் கூடும். அந்த ஆகஸ்டிலேயே நைஸ் ஒப்புதல் கொடுத்தது, விஷயம் முடிந்தது.

ஹெர்செப்டினுக்கு இது நல்லபடியாக முடிந்ததற்குக் காரணம், மருந்து நிஜமாகவே நல்ல மருந்து. அடுத்து வந்த மருந்துகள் எல்லாம் அப்படியில்லை. நைஸ் 'வேண்டாம்' என்று சொன்ன மருந்துகளுக்காகப் பத்திரிகைகளில் கூச்சல், தேர்தலில் வாக்குறுதி என்று போய், 2011-ல் புற்றுநோய் மருந்துகளுக்கென்றே தனி நிதி ஒன்றை ஆரம்பித்தார்கள். முதலில் ஆண்டுக்கு 20 கோடி பவுண்டு. நைஸ் மறுத்தாலும் இங்கே கேட்டு வாங்கலாம்.

காதுக்கு இனிமையான ஏற்பாடு. 2016-ல் அந்த வடிவத்தை நிறுத்தும்போது மொத்தச் செலவு சுமார் 127 கோடி பவுண்டு. கொடுக்கப்பட்ட மருந்துகளால் என்ன பயன் என்று பார்க்கத் தரவு சேகரிக்கவே இல்லை, அல்லது உருப்படியாகச் சேகரிக்கவில்லை. 2017-ல் வெளியான ஓர் ஆய்வு, நிதி ஒதுக்கப்பட்ட 47 பயன்பாடுகளை எடுத்துப் பார்த்தது. ஆயுளைக் கூட்டுகிறது என்று சோதனைகளில் நிரூபிக்கப்பட்டவை 18 மட்டும். அந்தப் பதினெட்டிலும் கூடிய ஆயுள் நடுவாக 3.1 மாதம். சுமார் ஒரு லட்சம் பேருக்கு மருந்து கொடுத்திருக்கிறார்கள், அதில் யாருக்கு என்ன ஆனது என்ற கணக்கு கையில் இல்லை. எனக்கு இந்தக் கதையில் செலவை விட இதுதான் உறுத்துகிறது.

2016 ஜூலையில் நிதியைத் திருத்தி அமைத்தார்கள். இப்போது நைஸ்தான் வாசற்படி. மருந்து நல்லதா என்று சந்தேகம் இருந்தால், கம்பெனி விலையைக் குறைக்க வேண்டும். நோயாளிக்கு மருந்து கிடைக்கும். அதே வேளையில் தரவும் சேரும். சில ஆண்டுகளில் மறுபடி உட்கார்ந்து வேண்டும், வேண்டாம் என்று முடிவெடுப்பார்கள். இது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனாலும் கதவு எப்போதும் திறப்பதில்லை. ட்ராஸ்டுசுமாப்பின் வாரிசு என்று சொல்லத்தக்க ட்ராஸ்டுசுமாப் டெரக்ஸ்டிகான் மருந்தை, ஹெர்2 குறைவாக உள்ள முற்றிய மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்க 2024 ஜூலையில் நைஸ் மறுத்துவிட்டது, விலை படியவில்லை என்று. ஸ்காட்லாந்தின் தனி அமைப்போ அதற்கு 2023 டிசம்பரிலேயே சரி சொல்லியிருந்தது. எல்லையைத் தாண்டி வடக்கே குடியிருந்தவருக்கு மருந்து கிடைத்தது, தெற்கே இருந்தவருக்கு இல்லை.

நியூசிலாந்து: இருக்கிற பர்ஸுக்குள்

நியூசிலாந்தில் அரசு எந்த மருந்துக்குப் பணம் தரும் என்று முடிவு செய்வது 1993 முதல் ஃபார்மாக் என்ற அமைப்பு. இது நைஸ் மாதிரி கோடு போட்டு உட்காரும் அமைப்பு அல்ல. கையில் ஒரு பர்ஸ், அதில் இந்த வருஷத்துக்கு இவ்வளவு. ஒரு புது மருந்தை உள்ளே எடுத்தால் இன்னொன்றுக்கு இடம் குறையும். அதனால் நாடு முழுவதற்கும் ஒரே ஆளாக நின்று கம்பெனிகளிடம் கறாராகப் பேரம் பேசுவார்கள். நம் வீட்டில் அம்மாக்கள் சம்பளக் கவரை வைத்துக்கொண்டு மாசத்தை ஓட்டுகிற அதே சங்கதி.

ஹெர்செப்டின் வந்தபோது ஃபார்மாக் யாரும் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டது. ஒரு வருஷம் எதற்கு? பின்லாந்தில் நடந்த ஃபின்ஹெர் என்ற சிறிய ஆய்வில் 9 வாரம் மட்டும் கொடுத்துப் பார்த்திருந்தார்கள், பலன் நன்றாகத் தெரிந்தது. 2006-ல் 12 மாதச் சிகிச்சைக்கு ஃபார்மாக் பணம் தர மறுத்தது. 2007-ல் 9 வாரத்துக்குத் தருகிறோம் என்றது. என் காகிதக் கணக்குப்படி 60 கிலோ பெண்ணுக்கு அந்த 9 வாரச் சிகிச்சைக்கு மூன்று குப்பி போதும். பதினாறு எங்கே, மூன்று எங்கே!

பெண்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2008 ஏப்ரலில், ஃபார்மாக் முறையாகக் கலந்தாலோசிக்கவில்லை என்று தீர்ப்பு வந்தது. கலந்தாலோசித்துவிட்டு ஃபார்மாக் மறுபடியும் அதே பதிலைச் சொன்னது. அந்த வருஷம் தேர்தல். நேஷனல் கட்சியின் ஜான் கீ 12 மாதமும் தருவேன் என்றார், ஜெயித்தார், டிசம்பரிலேயே செய்துவிட்டார். அதற்கான பணம் ஃபார்மாக்கின் பர்ஸிலிருந்து வரவில்லை. அரசு நேராகக் கொடுத்தது. தேர்வுக் குழு வேண்டாம் என்ற பையனை எம்.எல்.ஏ. சிபாரிசில் டீமில் சேர்த்தது மாதிரி.

யார் சொன்னது சரி? இதற்குப் பதில் வர பத்து வருஷத்துக்கு மேல் ஆனது, பதிலும் யாருக்கும் முழு வெற்றி தரவில்லை. 9 வாரத்தை ஒரு வருஷத்தோடு நேருக்கு நேர் வைத்துப் பார்த்த பெரிய ஆய்வு 2018-ல் வெளியானது. 9 வாரம் ஈடாக நிற்கும் என்று அதில் நிரூபிக்க முடியவில்லை. ஃபார்மாக் அளவுக்கு மீறிக் கத்தரித்திருக்கிறது. ஆனால் பிரிட்டனில் நடந்த பெர்செஃபனி ஆய்வு, 4,000-க்கும் மேற்பட்ட பெண்களை வைத்து, 6 மாதமே 12 மாதத்துக்கு ஈடாக நிற்கிறது என்று காட்டியது. நான்கு ஆண்டு முடிவில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 6 மாதக் குழுவில் 89.4 சதவீதம், 12 மாதக் குழுவில் 89.8. இதயப் பாதிப்பால் மருந்தைப் பாதியில் நிறுத்த வேண்டியிருந்தவர்கள் 6 மாதத்தில் 3 சதவீதம், 12 மாதத்தில் 8. இந்த மருந்து இதயத்தைக் கொஞ்சம் சோர்வாக்கும். அதனால்தான் மூன்று மாதத்துக்கு ஒரு முறை எக்கோ எடுக்கச் சொல்கிறார்கள். பிரான்ஸில் நடந்த ஃபேர் ஆய்வோ 6 மாதம் ஈடு என்று சொல்ல முடியாது என்றது. அதனால் உலகம் முழுக்க இன்றும் வழக்கம் ஒரு வருஷம்தான்.

இங்கே ஒன்று கவனிக்க வேண்டும். மருந்தைக் குறைத்துக் கொடுத்தால் போதுமா என்று எந்தக் கம்பெனியும் தன் காசைப் போட்டு ஆய்வு செய்யாது. செய்யச் சொல்லி எதிர்பார்க்கவும் கூடாது, அது அவர்கள் வியாபாரம். பெர்செஃபனிக்குப் பணம் போட்டது பிரிட்டன் அரசு. பொதுப் பணத்தில் மருந்து வாங்குகிறவர்கள்தான் இந்தக் கேள்வியைக் கேட்க முடியும். ஃபார்மாக்கின் விடை தப்பாக இருக்கலாம், கேள்வி தப்பில்லை.

பர்ஸ் முறையின் கோளாறு வேறிடத்தில் இருக்கிறது. மருந்துகள் தாமதமாக வரும். 2016-ல் மெலனோமா என்ற தோல் புற்றுநோய் வந்தவர்கள் கீட்ருடா என்ற மருந்துக்காகப் பாராளுமன்ற வாசலில் மனுக் கொடுக்க வேண்டியிருந்தது. 2024-ல் அரசு 60 கோடி நியூசிலாந்து டாலருக்கு மேல் கூடுதலாக ஒதுக்கி, தேங்கிக் கிடந்த புற்றுநோய் மருந்துகளையும் மற்றவற்றையும் எடுக்கச் சொன்னது. பர்ஸ் சின்னதாக இருந்தால் எவ்வளவு கெட்டிக்காரத்தனமும் ஓரளவுக்குத்தான்.

இந்தியா: விலையையே இறக்குவது

நம் நாட்டில் அப்போது யாரும் கோடும் போடவில்லை, பர்ஸும் தைக்கவில்லை. மும்பை டாடா மெமோரியல் புற்றுநோய் மருத்துவமனையில் 2008-ல் ஹெர்2 பாசிட்டிவ் நோயாளிகளில் இந்த வகை மருந்து கிடைத்தது நூற்றுக்கு ஒன்பது பேருக்கும் குறைவு. அவர்களிலும் பெரும்பாலோர் மருந்துச் சோதனைகளில் சேர்ந்ததால் கிடைக்கப்பெற்றவர்கள். மற்றவர்களுக்குச் சாதாரண கீமோ. ஸ்விண்டனில் ஒரு பெண் வழக்குப் போட்டு இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது.

நாம் பிடித்த வழி வேறு. மருந்தின் விலையையே உடைப்பது. இதில் சென்னைக்கும் பங்கு உண்டு. ரத்தப் புற்றுநோய்க்கான க்ளிவெக் (இமாட்டினிப்) மருந்துக்கு நோவார்ட்டிஸ் கேட்ட காப்புரிமையை 2006 ஜனவரியில் முதலில் நிராகரித்தது சென்னை காப்புரிமை அலுவலகம். பழைய பொருளுக்குப் புது வடிவம் கொடுத்தால் மட்டும் போதாது, பலன் கூடியிருக்க வேண்டும் என்கிற, காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவுதான் அடிப்படை. சென்னை உயர் நீதிமன்றம் வழியாகப் போய், 2013 ஏப்ரல் 1-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. மாதம் ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய் மருந்து, இந்தியக் கம்பெனிகளிடம் பத்தாயிரத்துக்குள் கிடைத்தது. 2012 மார்ச்சில் ஈரல் மற்றும் சிறுநீரகப் புற்றுநோய்க்கான நெக்ஸாவரைத் தயாரிக்க நாட்கோ என்ற இந்தியக் கம்பெனிக்குக் கட்டாய உரிமம் (காப்புரிமைக்காரர் சம்மதிக்காவிட்டாலும் வேறொருவர் தயாரிக்க அரசு தரும் அனுமதி) கொடுத்தார்கள். மாதம் 2,80,000 ரூபாய் என்பது 8,800 ஆனது. அப்புறம் இந்தியா எந்த மருந்துக்கும் அப்படி ஓர் உரிமம் கொடுக்கவில்லை. கத்தி உறைக்குள்தான் இருக்கிறது. ஆனால் இருக்கிறது என்று கம்பெனிகளுக்குத் தெரியும்.

ட்ராஸ்டுசுமாப் மாத்திரை அல்ல, உயிருள்ள செல்களில் வளர்த்து எடுக்கும் புரதம். நகல் எடுப்பது கடினம். ஆனாலும் ஹெர்செப்டினை விற்கும் ரோஷ் கம்பெனி 2013-ல் இந்தியக் காப்புரிமையைக் கைவிட்டது. 2014 தொடக்கத்தில் பெங்களூரு பயோகானின் கேன்மேப் சந்தைக்கு வந்தது, 440 மி.கி. குப்பி 57,500 ரூபாய். அந்த விலையில் என் கணக்கைப் போட்டால் 18 டோஸுக்கு 16 குப்பி, 9,20,000 ரூபாய். 9 டோஸ், அதாவது 6 மாதம் என்றால் 8 குப்பி, 4,60,000. இதே கம்பெனியின் மருந்துக்கு 2017 டிசம்பரில் அமெரிக்காவும் அனுமதி கொடுத்தது. ஹெர்செப்டினின் முதல் நகலாக அமெரிக்கா ஏற்றது அதைத்தான். 'இந்திய மருந்து வேலை செய்யுமா?' என்று கேட்கும் உறவினர்களிடம் நான் இதைத்தான் சொல்கிறேன். அப்புறம் பல கம்பெனிகள் வந்து விலை இன்னும் இறங்கிவிட்டது. குப்பியில் அச்சிட்ட விலை ஒன்று, கடைக்காரர் கால்குலேட்டரைத் தட்டிக் காட்டும் விலை வேறு. இரண்டுக்கும் நடுவே உள்ள பள்ளத்தைப் பார்த்தால், கேட்கத் தெரியாதவர்கள் எவ்வளவு கொடுத்திருப்பார்கள் என்று வயிறு எரியும்.

அந்தப் பள்ளத்தை மூடுவதற்குத்தான் கூட்டாக வாங்குவது. டாடா மெமோரியலை மையமாக வைத்த தேசியப் புற்றுநோய்க் கூட்டமைப்பில் நாடு முழுவதும் உள்ள புற்றுநோய் மருத்துவமனைகள் உறுப்பினர்கள். இவர்கள் சேர்ந்து 40 மருந்துகளுக்கு ஒரே டெண்டராகப் பேரம் பேசினார்கள். பழைய விலையோடு பார்த்தால் நடுவாக 82 சதவீதம் குறைந்தது. மிச்சம் 1,300 கோடி ரூபாய்க்கு மேல். எந்த நீதிமன்றமும் வேண்டியிருக்கவில்லை, எந்தச் சட்டத்தையும் மாற்றவில்லை. சேர்ந்து போய்க் கேட்டார்கள், அவ்வளவுதான்.

ஃபார்மாக்கின் கேள்வியையும் டாடா மெமோரியல் கேட்டது. தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு நிவோலுமாப் மருந்தை வழக்கமான 240-க்குப் பதிலாக வெறும் 20 மி.கி. மட்டும், மாத்திரை கீமோவோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். கீமோ மட்டும் எடுத்தவர்களில் ஒரு வருஷம் உயிரோடு இருந்தவர்கள் 16.3 சதவீதம், மருந்தும் சேர்ந்தவர்களில் 43.4. முழு அளவோடு ஒப்பிட்ட சோதனை அல்ல இது. ஆனால் முழு அளவு வாங்கவே வழியில்லாத நாட்டில், 'ஒன்றுமில்லை' என்பதோடு ஒப்பிடுவதுதான் நியாயமான ஒப்பீடு.

கார்டும் கவுண்டரும்

இறங்கிய விலையும் ஏழைக்கு ஏறிய விலைதான். அங்கேதான் காப்பீட்டு அட்டை வருகிறது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. சித்தப்பா போய்க் கேட்டபோது வருமான வரம்பு ஆண்டுக்கு 1,20,000. வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எல்லாம் சரி. ஆனால் சித்தப்பாவுக்குச் சின்ன எலெக்ட்ரிக்கல் கடை இருக்கிறது, வருமானம் வரம்பைத் தாண்டுகிறது. மாதம் 10,000 சம்பாதித்தால் 5 லட்சம், 11,000 சம்பாதித்தால் சைபர். படிக்கட்டாக இருக்க வேண்டியது கிணற்றுச் சுவராக இருக்கிறது.

அட்டை இருந்தாலும், எந்த மருந்து எந்தத் தொகுப்பில் வருகிறது, அனுமதி எப்போது வரும் என்று காத்திருக்க வேண்டும். மூன்று வார மருந்துக்கு ஒரு வாரக் காத்திருப்பு சின்ன விஷயம் இல்லை.

கேரளத்தில் 2022-ல் ஒரு நோயாளி ரிபோசிக்லிப் என்ற மார்பகப் புற்றுநோய் மருந்துக்காக உயர் நீதிமன்றம் போனார். மாதம் 58,000 ரூபாய்க்கு மேல். கட்டாய உரிமம் வேண்டும் என்பது கோரிக்கை. வழக்கு நடக்கும்போதே இறந்துபோனார். நீதிமன்றம் தானாகவே வழக்கைத் தொடர்ந்தது. கேரள அரசு 2024-ல் காருண்யா மருந்துக் கடைகளில் புற்றுநோய் மருந்துகளை லாபமே இல்லாமல் விற்கத் தனி கவுண்டர்கள் திறந்தது. கிணற்றுச் சுவரில் நிற்கும் எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு அதுதான் வேண்டும். இலவசம் கேட்கவில்லை, டெண்டர் விலையில் கொடுத்தால் போதும்.

மத்திய அரசு 2024 பட்ஜெட்டில் ட்ராஸ்டுசுமாப் டெரக்ஸ்டிகான் உட்பட மூன்று புற்றுநோய் மருந்துகளுக்கு 10 சதவீதச் சுங்க வரியை எடுத்தது. நல்லதுதான். பனைமர உயரத்தில் இருக்கும் விலையில் ஒரு மட்டையை வெட்டினார்கள்.

எது நமக்கு?

என்னைக் கேட்டால் முதல் வேலை கூட்டாக வாங்குவது. அதற்கு நாம் யாரிடமும் பாடம் படிக்கப் போக வேண்டியதில்லை. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1990-களின் நடுவிலிருந்து அரசு மருத்துவமனைகளுக்கு மொத்தமாக மருந்து வாங்குகிறது. அதைப் பார்த்துத்தான் கேரளமும் தன் கழகத்தை அமைத்தது. பாராசிட்டமாலுக்குச் செய்ததை ட்ராஸ்டுசுமாப்புக்கும், நிணநீர்ப் புற்றுநோய்க்குத் தரும் ரிட்டுக்சிமாப்புக்கும் முழு அளவில் செய்து, அரசு மருத்துவமனையில் அட்டை உள்ளவர்களுக்கு இலவசமாகவும் இல்லாதவர்களுக்கு வாங்கிய விலைக்கும் கொடுக்கலாம். காப்பீட்டுப் பணத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கட்டி அவர்கள் வாங்கும் விலையில் மருந்து வாங்குவதை விட, அதே பணத்தில் அதிகப் பேருக்குக் கிடைக்கும்.

கலக்கும் இடமும் முக்கியம். 60 கிலோ எடையுள்ள பதினொரு பேரை ஒரே நாளில் வரச் சொல்லிப் பகிர்ந்தால் அன்றைக்கு 9 குப்பி போதும். தனித்தனியாக வந்து மீதியைக் கொட்டினால் 11. பெரிய மருத்துவமனைக்கு இது ஒரு டைம்டேபிள் விஷயம். அதே மாதிரி டெஸ்ட். ரிப்போர்ட்டில் '2 ப்ளஸ்' என்று இரண்டுங்கெட்டானாக வந்தால், ஃபிஷ் என்ற மரபணுப் பரிசோதனை செய்தால்தான் மருந்து வேண்டுமா என்றே தெரியும். மருந்தை இலவசமாக்கிவிட்டு டெஸ்டை வெளியே எடுக்கச் சொன்னால் கதவைத் திறந்து வைத்து கேட்டைப் பூட்டியது போல.

இரண்டாவதாக, கோடு. எந்தப் புது மருந்தை எடுக்கிறோம், எதை எடுக்கவில்லை, ஏன் என்று எழுதி வெளியிட வேண்டும். இங்கிலாந்தின் தொகை நமக்குப் பொருந்தாது; முறை பொருந்தும். சந்தேகமான மருந்துகளுக்கு 2016-க்குப் பிந்தைய அவர்களுடைய ஏற்பாடு: விலையைக் குறை, கொடுத்துப் பார்ப்போம், கணக்கு வைப்போம். கணக்கு வைக்காத தனி நிதி மட்டும் வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு தேர்தலிலும் யாராவது ஒருவர் அதை வாக்குறுதியாகக் கொடுக்கத்தான் செய்வார்.

நீதிமன்றத்தை நான் கடைசியில்தான் வைப்பேன். வக்கீல் வைக்க முடிந்தவருக்கு மருந்து, முடியாதவருக்கு இல்லை என்று ஆகிவிடும். ஆனால் கதவை அடைக்கவும் மாட்டேன். அது இல்லையென்றால் க்ளிவெக் இன்னும் சில வருஷங்களாவது லட்ச ரூபாய் மருந்தாகவே இருந்திருக்கும்.

அப்புறம், குறைத்துக் கொடுத்தால் போதுமா என்ற கேள்வி. இதை அரசாங்கம் காசு போட்டுக் கேட்க வேண்டும் என்று மனப்பூர்வமாக நம்புகிறேன். பணத்துக்காக மட்டுமில்லை, இதயத்துக்காகவும்.

இதை எழுதும் ஆளுக்கு நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். சித்திக்கு ஒன்பது டோஸ் முடிந்த அன்று, அரசு மருத்துவமனை டாக்டரம்மாவிடம் நானே கேட்டேன். பெர்செஃபனி பற்றி அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. "எக்கோ நல்லா இருக்கு. நிறுத்தினா தப்புன்னு சொல்ல மாட்டேன், தொடர்ந்தா நல்லதுதான். வழக்கம் ஒரு வருஷம். நீங்க பேசி முடிவு பண்ணுங்க" என்றார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து சித்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நாலாயிரம் பேர், 89.4, 89.8, எல்லாம். கையிலிருந்த பிளாஸ்திரியைத் தடவிக்கொண்டே பொறுமையாகக் கேட்டாள்.

"நீ சொல்றது சரிதான்டா. ஆனா அந்த நாலாயிரம் பேர்ல நான் இல்லையே" என்றாள். "பாதிலே விட்டுட்டு, நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்க சித்தப்பா தன்னையே திட்டிக்கிட்டு உக்காந்திருப்பாரு. முழுசா போட்டுடலாம்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. டப்பாவுக்கு ஐஸ் பாக்கெட் போதுமா என்று பார்த்துவிட்டு, பத்தாவது டோஸுக்கு மருந்து வாங்க எதிர்க் கடைக்குப் போனேன்.